வேலி பயிரை மேய்வது ஏன்?

"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்பது நம் பழமொழி. காக்க வேண்டியவரே அழிவுக்குத் துணை போனால் இப்படிச் சொல்லி வருந்துவோம். இத்தகைய நிலை நம் உடலுக்குள்ளும் ஏற்படுவதுண்டு. மார்பகப் புற்றுநோயில், நம்மைக் காக்கப் படைக்கப்பட்ட வெள்ளணுக்களிற் பல, புற்றுக் கட்டியைச் சுற்றி நின்று அதன் வளர்ச்சிக்கே உதவுகின்றன. ஏன் இப்படி? வேலிக்கு விரோத எண்ணம் வந்துவிட்டதா? விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்ட விடை வேறு. வேலி துரோகம் செய்யவில்லை. பொய்யான அழைப்பைக் கேட்டு ஏமாந்து நிற்கிறது. அந்த ஏமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை மாணவியருக்கும், இம்மலரைப் படிக்கும் தாய்மார்களுக்கும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை அறிவது வீண் அறிவன்று. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,70,000 பேர் அந்நோயால் மாண்டனர். இந்தியாவில் மட்டும் அவ்வாண்டில் புதிதாக நோயுற்றோர் சுமார் 1,92,000 பேர். நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

காவற்படை

1882-ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில், மெச்னிகோவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். நட்சத்திர மீனின் இளம் உயிரி கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதனுள் சிறு முள்ளொன்றைக் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் நுண்ணோக்கி வழியே பார்த்தபோது, நகரும் தன்மையுள்ள அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உண்டு என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இத்துறையில் அவர் ஆற்றிய பணிக்காக 1908-இல் பால் ஏர்லிக் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் உடலிலும் இத்தகைய படை உண்டு. அதில் மூன்று பிரிவினரை மட்டும் இங்கே நினைவில் கொண்டால் போதும். முதலாவது, கிருமி நுழைந்தவுடன் முந்திக்கொண்டு ஓடிவரும் நியூட்ரோபில்கள். இரண்டாவது, மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கி அணுக்கள். மெச்னிகோவ் கண்ட விழுங்கும் அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை இவை. மூன்றாவது, டி-செல்கள். இவை பயிற்சி பெற்ற வீரர்கள் போன்றவை. எதிரியின் அடையாளத்தை ஐயமறத் தெரிந்துகொண்டு தாக்குபவை. நோய்ப்பட்ட செல்லையும் புற்றுச் செல்லையும் தேடிக் கொல்லும் ஆற்றல் இவற்றுட் சிலவற்றுக்கு உண்டு.

ஒரு கையில் வாள், மறு கையில் கரணை

பெருவிழுங்கி அணுக்களைப் பற்றிச் சற்று விரிவாக அறிய வேண்டும். நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறோம் என வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிருமிகளை ஒழிக்கும் போர் நடக்கிறது. போர் முடிந்ததும் வேறொரு வேலை தொடங்குகிறது. இறந்த செல்களைப் பெருக்கித் தள்ள வேண்டும். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும். தோலின் செல்கள் பெருகிப் புண்ணை மூட வேண்டும். போரும் அடங்க வேண்டும்; இல்லாவிடில் நம் சதையே வெந்துபோகும். இத்தனைக்கும் வேண்டிய இரசாயனச் செய்திகளை அனுப்பி வேலை வாங்குபவற்றுள் முதன்மையானவை பெருவிழுங்கி அணுக்களே. அதாவது, போர் வீரனே கொத்தனாராகவும் மாறிவிடுகிறான். புண் ஆறியதும் இவ்வேலை நின்றுவிடும்.

மார்பகத்தில் இந்தக் கொத்து வேலைக்குத் தனி இடம் உண்டு. பருவ வயதில் மார்பகத்தினுள் பாற்குழாய்கள் மரக்கிளைபோல் பிரிந்து வளர்வதற்குப் பெருவிழுங்கி அணுக்களின் துணை தேவை என்பது சுண்டெலிகளில் செய்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. குழந்தை பால்குடி மறந்த பின், பால் சுரந்த செல்கள் பெருமளவில் மடியும். அவற்றை அகற்றி மார்பகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதிலும் இவ்வணுக்களுக்குப் பங்குண்டு. ஆகவே இவை நல்ல வேலைக்காரர்கள். நல்ல வேலைக்காரரின் பணிவைத் தீயவன் பயன்படுத்திக்கொண்டால் என்ன ஆகும்? புற்றுநோய் செய்வது அதைத்தான்.

ஆறாத காயம்

புற்றுச் செல் வெளியிலிருந்து வந்த கிருமி அன்று. நம் உடலின் செல்லே, தன் மரபுப் பொருளில் ஏற்பட்ட மாறுதல்களால் கட்டுப்பாட்டை இழந்து, ஓயாது பெருகத் தொடங்குகிறது. வெளிப்பகைவனைக் காட்டிலும் உட்பகைவனை இனங்காண்பது கடினம் அன்றோ?

1863-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ரூடால்ப் விர்க்கோ, புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். வெள்ளணுக்கள் அங்கே போர் புரியவே கூடியுள்ளன என்று நெடுங்காலம் பலரும் எண்ணினர். 1986-இல் அமெரிக்க மருத்துவர் ஹரால்டு டுவோராக் புதிய கோணத்தில் ஒரு கருத்தை முன்வைத்தார். புற்றுக் கட்டி என்பது ஆறாத காயம் போன்றது என்பதே அக்கருத்து. காயத்தில் நடப்பதுபோலவே அங்கும் இரத்தக் குழாய் கசிகிறது. புதுக் குழாய் முளைக்கிறது. நார்த் திசு சேர்கிறது. காயத்தில் இவ்வேலைக்கு முடிவு உண்டு. கட்டியில் முடிவில்லை.

இப்போது பழமொழியின் புதிர் அவிழத் தொடங்குகிறது. கட்டி எழுப்பும் குரல், "இங்கே காயம் பட்டிருக்கிறது, கட்டியெழுப்ப ஆள் வேண்டும்" என்ற குரல். கொத்தனார்கள் அதை நம்பி வருகிறார்கள்.

அழைப்பும் கைம்மாறும்

அந்தக் குரல் எதனால் ஆனது? புரதங்களால் ஆனது. மார்பகப் புற்றுச் செல்களும் அவற்றைச் சூழ்ந்த செல்களும் சி.சி.எல்.2 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதன் தடம் பற்றி, இரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் கட்டியை நோக்கி வந்து பெருவிழுங்கிகளாக மாறுகின்றன. சி.எஸ்.எப்.-1 என்னும் மற்றொரு புரதம் அவை அங்கே உயிர் பிழைத்துத் தங்கவும் வளரவும் செய்கிறது.

இதன் வலிமையை நியூயார்க் நகரின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் எலைன் லின், ஜெப்ரி போலார்ட் முதலியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. தவறாமல் மார்பகப் புற்று தோன்றும் சுண்டெலி இனம் ஒன்று உண்டு. அவ்வினத்தில் சி.எஸ்.எப்.-1 புரதம் அறவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றிலும் கட்டி தோன்றியது, வளரவும் செய்தது. ஆயினும் கட்டிக்குள் பெருவிழுங்கிகள் குறைந்திருந்தன. கட்டி கொடிய நிலைக்கு முற்றுவது தாமதப்பட்டது. நுரையீரலுக்குப் பரவுவதும் பெரிதும் குறைந்தது. பின்னர் மார்பகத்தில் மட்டும் அப்புரதத்தை மீண்டும் சுரக்கச் செய்தார்கள். பெருவிழுங்கிகள் திரும்பின, நோயும் முன்போல் விரைந்து பரவிற்று. விதைப்பது புற்றுச் செல்லே என்றாலும், அதற்கு நீர் பாய்ச்சிப் பரவச் செய்வதில் நம் காவலர்க்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கியது.

அழைத்தவனுக்கு இவை செய்யும் கைம்மாறு என்ன? முதலாவதாக, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டுகின்றன. கட்டிக்கு உணவும் பிராணவாயுவும் கிடைக்கின்றன. இரண்டாவதாக, ஈ.ஜி.எப். என்னும் வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து புற்றுச் செல்களை நகரத் தூண்டுகின்றன. புற்றுச் செல் சி.எஸ்.எப்.-1 கொடுக்கிறது, பெருவிழுங்கி ஈ.ஜி.எப். கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலினால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நார் இழைகளின் வழியே இரத்தக் குழாயை நோக்கிச் செல்கின்றன. உயிருள்ள சுண்டெலியின் கட்டியைச் சிறப்பு நுண்ணோக்கியால் நோக்கி, இந்தப் பயணத்தைக் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். இரத்தக் குழாயின் சுவரில் ஒரு பெருவிழுங்கி, ஒரு புற்றுச் செல், குழாயின் சுவர்ச் செல் ஆகிய மூன்றும் ஒட்டி நிற்கும் இடங்களில் சுவர் சற்றே நெகிழ்கிறது. கோட்டைக் கதவைக் காவலனே திறந்துவிட்டாற்போல, புற்றுச் செல் இரத்தத்தில் நழுவி விழுகிறது.

வித்தும் நிலமும்

மார்பகப் புற்றுநோயால் உயிர் பிரிவது பெரும்பாலும் மார்பகத்தில் உள்ள கட்டியால் அன்று. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய இடங்களுக்கு அது பரவுவதால்தான். இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, 1889-இல் தம் முடிவை வெளியிட்டார். நோய் எல்லா உறுப்புகளுக்கும் ஒரேவிதமாகப் பரவவில்லை. சில உறுப்புகளையே நாடிச் செல்கிறது என்று கண்டார். வித்து எங்கும் விழும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் காட்டிய உவமை.

அந்த நிலத்தைப் பண்படுத்துவதிலும் வெள்ளணுக்களுக்குப் பங்குண்டு என்று இன்று தெரிகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் நெதர்லாந்து புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு ஒன்றில், மார்பகக் கட்டி கிளப்பிய அழற்சிச் செய்தி ஒரு வகை டி-செல்களைத் தூண்டியது. அவை அனுப்பிய செய்தியால் உடலெங்கும் நியூட்ரோபில்கள் பெருகின. பெருகியவை கிருமியோடு போரிடவில்லை. புற்றைக் கொல்ல வேண்டிய டி-செல்களை அடக்கின. நோய் நுரையீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவ வழி பிறந்தது. ஓரிடத்துக் கட்டி உடல் முழுவதிலும் உள்ள காவலையே குலைக்க வல்லது என்பதற்கு இது சான்று.

வீரர்கள் ஏன் வாளாவிருக்கின்றனர்?

அப்படியானால் பயிற்சி பெற்ற வீரர்களாகிய டி-செல்கள் என்ன செய்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். அவற்றையும் கட்டி பல வழிகளில் தடுக்கிறது.

கட்டிக்குள் உள்ள பெருவிழுங்கிகள் டி-செல்லின் வேகத்தைத் தணிக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. அடுத்து, அமைதி காக்கும் டி-செல்கள் என ஒரு வகை உண்டு. படை வரம்பு மீறி நம் உடலையே தாக்காதபடி அடக்கி வைப்பது அவற்றின் பணி. ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றைத் தெளிவாக இனங்காட்டினார். 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. நல்ல பணி செய்யும் இந்த அமைதிக் காவலரையும் கட்டி தன்பால் வரவழைத்து, அவர்கள் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது.

மூன்றாவது தந்திரம், தடையை அழுத்துவது. டி-செல்லின் மேற்புறத்தில் பி.டி.-1 என்னும் புரதம் இருக்கிறது. வண்டியின் பிரேக் போன்றது அது. சில புற்றுச் செல்களும், கட்டியிலுள்ள பெருவிழுங்கிகளும் அந்த பிரேக்கை அழுத்தும் மற்றொரு புரதத்தைத் தம்மேல் தாங்கி நிற்கின்றன. வீரன் வாளை ஓங்கி வந்தும் கை எழாமல் நின்றுவிடுகிறான்.

வேலியைத் திருத்தும் மருத்துவம்

இவ்வளவும் படித்து மனம் சோர வேண்டாம். ஏமாற்றப்பட்டவனுக்கு உண்மையை உணர்த்த முடியும் அல்லவா? இன்றைய மருத்துவம் அதற்கே முயல்கிறது.

பி.டி.-1 புரதத்தை 1992-இல் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோவும், இதைப் போன்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். இவர்கள் காட்டிய வழியில், பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் பிறந்தன. மார்பகப் புற்றில் மூன்று முக்கிய அடையாளங்களும் இல்லாத ஒரு வகை உண்டு. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு வரும் இவ்வகையை மும்மை எதிர்மறைப் புற்று என்பர். இது விரைந்து பரவக்கூடியது. ஆயினும் இவ்வகையில் கட்டிக்குள் டி-செல்கள் மிகுதியாகப் புகுந்திருந்தால், அந்நோயாளிகள் நலம் பெறும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே வெள்ளணுக்கள் எல்லாமே புற்றுக்குத் துணை போவதில்லை என்பதையும் மறக்கலாகாது.

தொடக்க நிலையில் இருந்த இவ்வகை நோயாளிகள் 1,174 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருந்துகள் மட்டும் கொடுத்தனர்; மற்றப் பிரிவினர்க்கு அவற்றோடு பிரேக்கை விடுவிக்கும் பெம்புரோலிசுமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 81.7 பேரும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 86.6 பேரும் உயிருடன் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. வேற்றுமை சிறிதெனத் தோன்றலாம். நூறு குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்து குடும்பங்களுக்குத் தாய் மீண்டு வந்தாள் என்று எண்ணிப் பாருங்கள்.

கொத்தனார்களை விலக்கும் முயற்சி இவ்வளவு எளிதாக இல்லை. சி.சி.எல்.2 அழைப்பைத் தடுத்தபோது சுண்டெலிகளில் நோய் பரவுவது குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியவுடன், எலும்பு மச்சையில் தேங்கியிருந்த மோனோசைட்டுகள் வெள்ளம்போல் வெளிப்பட்டு, நோய் முன்னிலும் வேகமாகப் பரவியதை 2014-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. எனவே பெருவிழுங்கிகளை அடியோடு ஒழிப்பதைவிட, கரணையைக் கீழே வைத்து வாளை ஏந்தும்படி அவற்றை மாற்ற இயலுமா என்று இப்போது ஆராய்கிறார்கள்.

நாம் அறிய வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் வீடுகளுக்குப் பயன்படும் உண்மைகள் சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

ஒன்று: "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்று ஓடிவிடும்" என்று சொல்லி விற்கப்படும் சூரணங்களையும் டானிக்குகளையும் நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது பேராபத்து. கட்டியைச் சுற்றி வெள்ளணுக்களுக்குப் பஞ்சமில்லை என்று பார்த்தோம். எத்தனை காவலர் என்பதைவிட, அவர்கள் யார் சொற்கேட்டு நடக்கிறார்கள் என்பதே முக்கியம். அதைச் சீர்செய்வது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை.

இரண்டு: கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுகொண்டால், அது காவலரைத் தன்வசப்படுத்திக் கதவைத் திறப்பதற்கு முன்பே அறுவை சிகிச்சையாலும் மருந்தாலும் அகற்றிவிட முடியும். நாட்கள் கடத்துவது அதற்கு ஆள் சேர்க்க அவகாசம் கொடுப்பதாகும். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிவது, காம்பு புதிதாக உள்நோக்கி இழுபடுவது, இரத்தம் கலந்த நீர் கசிவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. வலி இல்லையே என்று வாளாவிருப்பது தவறு.

மூன்று: மாணவியரே, உங்கள் வயதில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் புற்றல்லாத சாதாரணக் கட்டிகளே. ஆகவே அஞ்ச வேண்டாம். அதற்காக மறைக்கவும் வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான்கு: இது தொற்று நோயன்று, யார் செய்த பாவத்தின் பலனும் அன்று. நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெண்ணாய்ப் பிறந்ததையும் வயது நாற்பதைக் கடந்ததையும் தவிர வேறு காரணம் காண முடிவதில்லை. நோயுற்ற அத்தையையோ, பக்கத்து வீட்டு அம்மையாரையோ தனித்து ஒதுக்காமல், அருகில் அமர்ந்து ஒரு வாய்க் கஞ்சி கொடுப்பது நம் கடமை.

நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். கூச்சமும், பிள்ளைகளின் பரீட்சையும், கணவரின் வேலையும், வீட்டுச் செலவும் அவர்களைத் தடுக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்து மருந்து கொடுக்கும் தாய், தன் உடம்பை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்கிறாள். ஆகவே இம்மலரை வீட்டிற்கு எடுத்துச் சென்று, அம்மாவும் பாட்டியும் சித்தியும் கூடியிருக்கும் வேளையில் இக்கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும், "உங்களுக்கு ஏதேனும் இருக்கிறதா, அம்மா?" என்று ஒருமுறை கேளுங்கள். இருக்கிறது என்றால், மறுநாளே அவர்களோடு மருத்துவரிடம் புறப்படுங்கள்.